உட்கார்ந்தபடி முப்பதாயிரம் அடி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அம்மாவும் நலம், கடை நலம், மிஷின் நலம். அங்கே நீயும் நலம்தானே என்று கேட்பதுதான் வழக்கம், இத்தனை வருஷமாக எல்லாக் கடிதத்திலும் அப்படித்தான் கேட்டிருக்கிறேன், இந்த முறை கேட்கப் போவதில்லை, ஏனென்றால் நீ நலமாக இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. உன் அறைத் தோழி போன ஞாயிற்றுக்கிழமை உன் அம்மாவுக்குப் போன் செய்தாள். ஆபீஸ் மாடிப்படியில் நீ மயங்கி விழுந்தது, புருவத்தில் மூன்று தையல் போட்டது, நெட் சரியில்லப்பா என்று சொல்லிப் பதினொரு நாளாக முகத்தைக் காட்டாமல் வெறும் குரலில் எங்களை ஏமாற்றியது, எல்லாம் வெளியே வந்துவிட்டது. அவள் மேல் கோபித்துக்கொள்ளாதே. வீட்டுக்குச் சொல்லக் கூடாது என்று நீ அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தாயாம், அந்தப் பெண்ணும் பாவம், பத்து நாள் வாயைப் பூட்டி வைத்திருந்து பதினோராவது நாள் முடியாமல் கொட்டிவிட்டாள்.

இதைப் போனிலேயே கேட்டிருக்கலாமே என்பாய். போனில் உன்னிடம் நான் என்ன கேட்டாலும், நான் நல்லா இருக்கேன்பா, அத விடுங்க, இன்னைக்கு எத்தன அடி நடந்தீங்க என்று என்னையே திருப்பிக் கேட்கிறாய். அந்தக் கேள்விக்குத்தான் இந்தக் கடிதம். அதற்கான பதிலில் பாதி உன் அம்மாவுக்குத் தெரியும், மீதிப் பாதி அவளுக்கும் தெரியாது. அவள் பக்கத்தில் நின்று காதைக் கொடுத்துக்கொண்டிருக்கும்போது அதைச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. அதனால் வெட்டு மேஜையில் துணியை ஒதுக்கிவிட்டு, அளவு நோட்டிலிருந்து தாளைக் கிழித்து, அவள் மளிகை வாங்கப் போயிருக்கிற நேரம் பார்த்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டே பழகிய கை என்று பொறுத்துக்கொள்.

போன முறை வெளிநாட்டிலிருந்து வந்திருந்தபோது நீ என்னை டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனாய். சர்க்கரை ஏறியிருக்கு, நாள் பூரா உக்காந்தே இருக்கீங்க, கொஞ்சம் நடங்க என்று அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நீ அதைக் கல்வெட்டாக எடுத்துக்கொண்டு அன்று மாலையே அந்தக் கறுப்புக் கடிகாரத்தை வாங்கி என் மணிக்கட்டில் மாட்டினாய், என் போனில் எதையோ ஏற்றினாய், அதை உன் போனோடு முடிச்சுப் போட்டாய், அப்பா, நீங்க இங்க நடந்தா எனக்கு அங்க தெரியும் என்று வாசலில் நின்று மிரட்டிவிட்டு வேறு போனாய். பெற்ற பெண்ணே நம்மை வேவு பார்க்கிற அளவுக்கு நாம் முக்கியமான ஆளாகிவிட்டோமே என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, பொய் சொல்வானேன்.

ஆனால் மணிக்கட்டில் அது மூன்று நாள்தான் தாங்கியது. தைக்கும்போது துணியைத் தள்ளிக்கொண்டு போவது இடது கை. பள்ளிக்கூடத் தலைமையாசிரியையின் பட்டு ரவிக்கைத் துணியில் அதன் கொக்கி மாட்டி ஒரு இழையை முழங்கை நீளத்துக்கு உருவிவிட்டது. அந்த அம்மா பள்ளிக்கூடத்தில் எப்படியோ தெரியாது, என்னை நிற்க வைத்து வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். வலது கையில் கட்டினால் கத்தரி பிடிக்கும்போது இடிக்கிறது. கழற்றி வைத்தால் நீ அங்கிருந்து விசாரணை வைப்பாய். அப்போதுதான் உன் அப்பாவுக்கு மூளை வேலை செய்தது. கடிகாரத்தைக் கணுக்காலில் கட்டி அதன் மேல் காலுறையை இழுத்து விட்டேன். நடக்கிறது கால்தானே, எண்ணுகிறதை அங்கேயே உட்கார்ந்து எண்ணட்டும் என்று நினைத்தேன். அந்தக் காலுக்குக் கீழே மிஷின் பெடல் ஒன்று காலையிலிருந்து பொழுது சாயும்வரை மேலும் கீழும் ஆடிக்கொண்டிருக்கிறது என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. நாற்பது வருஷம் மிதித்த காலுக்குத் தான் மிதிப்பதே தெரிவதில்லை. நீ ரெண்டு வருஷம் முன்னால் அனுப்பிய மோட்டாரை மாட்டியிருந்தாலாவது இந்த வம்பு வந்திருக்காது. அது என் கையை விட வேகமாக ஓடுகிறது என்று அட்டைப் பெட்டியிலேயே தூங்க வைத்திருக்கிறேன், உனக்குத்தான் அதையும் சொல்லவில்லை.

கணுக்காலில் கட்டிய மறுநாளிலிருந்து ஒரு புது நோய் வந்தது. தினமும் காலை பதினொரு மணி வாக்கில் காலில் விர்ர் என்று ஒரு துடிப்பு, நாலு நொடி இருக்கும், பிறகு நின்றுவிடும். நரம்பு போய்விட்டது என்று முடிவு கட்டி டாக்டரம்மாவிடம் ஓடினேன். டாக்டரிடம் போகிறோமே என்று மரியாதையாகக் காலைக் கழுவி, காலுறையை மாற்றி, கடிகாரத்தைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போனேன் பார். அவர் காலை அமுக்கிப் பார்த்தார், சுத்தியால் முட்டியில் தட்டிப் பார்த்தார். தினமும் பதினொரு மணிக்கு மட்டுமா என்றார். ஆமாங்க என்றேன். ஞாயித்துக்கிழமையும் துடிக்குதா என்றார். இல்லீங்க, ஞாயித்துக்கிழமை கடை லீவு என்றேன். அவர் பேனாவை மேஜையில் வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினார். அது பத்தாயிரம் அடி ஆனதற்குக் கடிகாரம் சொல்கிற வாழ்த்து என்று கண்டுபிடித்தவள் உன் அம்மாதான். துவைக்கக் காலுறையைக் கழற்றித் தாங்க என்று வந்து தானே இழுத்தவள், என் காலில் கடிகாரம் கட்டியிருப்பதையும் அதன் திரையில் பூ வெடித்துக்கொண்டிருப்பதையும் பெடல் ஆடுவதையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். உக்காந்த எடத்துலயே ஊர சுத்துற ஆள் நீங்க ஒருத்தர்தான் என்றாள்.

அன்றைக்கே உனக்குப் போன் செய்து சொல்லத்தான் எடுத்தேன். அதற்குள் நீ முந்திக்கொண்டு, அப்பா, இருபத்தெட்டாயிரம்ப்பா, என்னால நம்பவே முடியல என்று கத்தினாய். அந்த எண்ணைச் சித்தப்பாவுக்கும் அத்தைக்கும் படம் பிடித்து அனுப்பி, எங்க அப்பாவப் பாத்துக் கத்துக்கங்க என்று எழுதியும் விட்டாய். ஆளாளுக்குக் கை தட்டுகிற பொம்மைகளாக அனுப்பினார்கள். அத்தை அனுப்பியது மட்டும் பதினேழு, நான் எண்ணினேன். கண்ணு, நான் இந்த ஊரில் பாதிப் பேருக்குத் தைத்துக் கொடுத்திருக்கிறேன். இடுப்பு பிடிக்குது, கை நீளமா இருக்கு, நேத்தே தரேன்னீங்களே என்பதைத் தவிர வேறு ஒரு சொல் என் காதில் விழுந்ததில்லை. பெடல் மிதித்ததற்கு முதல்முதலாகக் கை தட்டினார்கள். வாயில் வந்த உண்மையை அப்படியே விழுங்கிவிட்டேன். அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் வாராவாரம் கேட்டாள், நான் வாராவாரம் அதையே சொன்னேன். இப்படியே ஏழு மாதம் ஓடிவிட்டது.

இதில் தெருவுக்குள் எனக்கு வந்த மரியாதையைச் சொன்னால் நீ நம்ப மாட்டாய். எதிர்க் கடையில் சாவி செய்கிறாரே, அந்த மனிதர் ஒரு நாள் வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, எப்படிண்ணே, இந்த வயசுல முப்பதாயிரம், எனக்கும் ஒரு வழி சொல்லுங்க என்றார். நான் மிஷினை விட்டு எழுந்திருக்காமலே ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்தேன். காலை எழுந்ததும் நடக்கணும், மாவுப் பண்டத்தைக் குறைக்கணும், இனிப்பைத் தொடக் கூடாது என்று நீ எனக்கு அனுப்பிய அட்டவணையை அப்படியே ஒப்பித்தேன். ஊசி நூல் வைக்கிற இழுப்பறையில் வெண்ணெய் பிஸ்கட் இருந்தது, அவர் போனதும் இரண்டு எடுத்துத் தின்றேன், அவ்வளவு பேசியதில் களைப்பாக இருந்தது. ஆனால் அந்த மனிதர் நான் சொன்னதை நம்பி நிஜமாகவே நடந்தார். காலையில் தண்ணீர்த் தொட்டி வரை போய்வருவார், சாயங்காலம் பஸ் ஸ்டாப் வரை. நாலு மாதத்தில் அவருடைய எல்லாக் கால்சட்டைகளையும் நான் இடுப்பில் இரண்டு அங்குலம் பிடித்துத் தைக்க வேண்டியதாயிற்று. எல்லாம் உங்க ஆசீர்வாதம்ண்ணே என்றார். என் பொய்யால் உருப்பட்டவர் அவர் ஒருத்தர்தான்.

டாக்டரம்மாவுக்கோ என்னால் தலைவலி. எண்ணைக் காட்டினேன், சர்க்கரையைப் பார்த்தார், தொப்பையைப் பார்த்தார், மறுபடி எண்ணைப் பார்த்தார். இவ்வளவு நடந்தும் ஒரு கிராம்கூட எறங்கலன்னா வேற ஏதோ இருக்கு என்று சொல்லி அந்தப் பரிசோதனை, இந்தப் பரிசோதனை என்று எழுதினார். ஒரு பொய்க்கு நாலு குப்பி ரத்தம் கொடுத்திருக்கிறேன். எல்லாம் சரியாகவே இருந்தது. உங்க கேஸ் ஆச்சரியமா இருக்கு என்றார் அவர். அந்த ஆச்சரியம் காலுறைக்குள் இருந்தது.

இதுவரை எழுதியதைப் படித்தால் சிரிப்பாகத்தான் இருக்கும், நானும் ஏழு மாதம் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். இனிமேல் எழுதுவதற்குத்தான் பேனாவை இரண்டு முறை மூடித் திறந்தேன். நீ ஜிம்முக்குப் போக ஆரம்பித்தபோது எனக்குச் சந்தோஷம்தான். கண்ணாடி முன்னால் நின்று படம் எடுத்து அனுப்புவாய், எடை தூக்குகிற படம், ஓடுகிற படம், அவித்த முட்டையின் வெள்ளையை மட்டும் தட்டில் வைத்து, மஞ்சளை என்ன செய்தாயோ, அந்தப் படம். நாலு வெள்ளரித் துண்டு, கொஞ்சம் இலை தழை, இதாம்மா என் மதியச் சாப்பாடு என்பாய். உன் அம்மா போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, இது சாப்பாடா, சாப்பாட்டுக்குப் பக்கத்துல வைக்கிறதா என்று கேட்பாள். நீ எங்களுக்கும் அந்தச் சத்துமாவு டப்பாவை அனுப்பினாயே, அதைக் கரைத்துக் குடித்த அன்று நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. டப்பா நல்ல டப்பா. பட்டன் போட்டு வைத்திருக்கிறேன்.

அளவு நோட்டில் உனக்கென்று ஒரு பக்கம் இருப்பது உனக்குத் தெரியும். ஐந்து வயதில் முதல் சீருடை தைத்தபோது எழுத ஆரம்பித்த பக்கம். இந்த வருஷம் மட்டும் அதில் மூன்று முறை எழுதினேன். வருஷ ஆரம்பத்தில் சட்டைக்காக நீ அனுப்பிய அளவு இடுப்பு முப்பது. மூன்று மாதம் கழித்து இருபத்தெட்டு. போன மாதம் ஆபீஸில் பெரியவர்கள் முன்னால் எழுந்து நின்று பேச வேண்டும், அதற்கு ஒரு கோட்டு வேண்டும் என்று நீ அனுப்பியது இருபத்தாறரை. சூப்பர் இல்லப்பா என்று பக்கத்தில் எழுதியிருந்தாய். இடுப்பு குறைந்தால் நானும் சூப்பர் என்றுதான் சொல்வேன். ஆனால் மேல் கைச் சுற்றளவும் கழுத்தும் சேர்ந்து குறைந்திருந்தன. எடை தூக்குகிறவர்களுக்கு நான் தைத்திருக்கிறேன் கண்ணு, அவர்களுக்கு இடுப்பு உள்ளே போகும், கை திரண்டு வரும், சட்டைக் கை போதவில்லை என்று சண்டைக்கு வருவார்கள். எடையும் தூக்கி, கையும் மெலிந்தால் அந்த உடம்புக்குள் எதுவும் போகவில்லை என்று அர்த்தம். அது எனக்கு அந்த நோட்டைப் பார்த்த நிமிஷமே தெரிந்தது. டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு உனக்குப் போன் செய்யலாம் என்று நினைத்தேன். ஒழுங்கா சாப்பிடுறியா என்று கேட்டால், நீங்க இந்த வயசுல முப்பதாயிரம் நடக்குறீங்க, நான் இதுகூடப் பண்ண வேண்டாமா என்பாய். நோட்டை மூடிவிட்டேன். இருபது வருஷம் உன் அளவை எழுதியவன் கண்ணெதிரே தெரிந்ததைப் பார்க்காத மாதிரி மூடினேன்.

இனி உன் அம்மாவுக்கும் தெரியாத பாதி. நீ விழுந்த புதன்கிழமை எனக்குத் தையல் வேலை அதிகமில்லை. அவள் அவளுடைய அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். வெட்ட வேண்டிய துணிகளை வெட்டிவிட்டு, ஐந்து மணிக்கு சும்மா போனை எடுத்துப் பார்த்தேன். என் பேருக்கு நேரே எட்டாயிரம், உன் பேருக்கு நேரே பதின்மூவாயிரம். ஏழு மாதத்தில் முதல்முறையாக நீ மேலே, நான் கீழே. அப்பா, இன்னைக்கு நீங்க காலி என்று எழுதி நாக்கை நீட்டுகிற பொம்மை அனுப்பியிருந்தாய். வேறு அப்பனாக இருந்தால் சிரித்துவிட்டுப் போனை வைத்திருப்பான். நான் என்ன செய்தேன் தெரியுமா? மிஷின் சக்கரத்திலிருந்து பெல்ட்டைக் கழற்றிவிட்டேன். துணி இல்லை, நூல் இல்லை, ஊசி ஆடவில்லை, வெறும் பெடலை மிதித்தேன். கையில் பேப்பர் வைத்துப் படித்துக்கொண்டே மிதித்தேன். விளம்பரம் வரைக்கும் படித்து முடித்தேன். ஏழு மணிக்கு இருபத்தோராயிரம் ஆகியிருந்தது. உன்னைத் தாண்டிவிட்டேன் என்று கடிகாரம் காலில் துடித்தபோது, இந்த அறுபத்து நாலு வயதில், தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

என் ஏழு மணி உனக்கு மதியச் சாப்பாட்டு வேளை. உன் தோழி சொன்னாள். நீ டப்பாவைத் திறந்து வைத்துவிட்டுப் போனைப் பார்த்தாயாம். அப்பா தாண்டிட்டாரு, விட மாட்டேன் என்று சொல்லிவிட்டு டப்பாவை மூடி வைத்து எழுந்து போனாயாம். காலையில் ஜிம்முக்குப் போய் ஓடிவிட்டு வந்தவள் நீ, அதற்குப் பிறகு ஒரு பழத்தைத் தவிர எதுவும் சாப்பிடாதவள். லிப்டை விட்டுவிட்டு ஒன்பது மாடி ஏறினாய், இறங்கினாய், திரும்ப ஏறினாய். ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவில் விழுந்து கிடந்த உன்னை, படி துடைக்க வந்த பணிப்பெண் பார்த்துத் தூக்கியிருக்கிறார். கண் விழித்ததும் நீ முதலில் கேட்டது போன் எங்க என்றுதானாம். எத்தனை அடி என்று பார்த்தாயாம்.

உன் அம்மா போனை வைத்தாள். இழுப்பறையைத் திறந்து பிஸ்கட் பொட்டலத்தை எடுத்து, வெட்டு மேஜையில் விரித்திருந்த துணியின் மேல் வைத்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள். ஒரு பாட்டம் திட்டியிருந்தால் தேவலை. புதன்கிழமை என்று தோழி சொன்னாள் என்று மட்டும் சாயங்காலம் சொன்னாள். எந்தப் புதன் என்று நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். நான் வெறும் பெடலை மிதித்த அதே புதன். அன்றிலிருந்து நான் மிஷினில் உட்காரவில்லை, உட்கார்ந்தால் கால் தானாகப் பெடலுக்குப் போகிறது, உன் படிக்கட்டு ஞாபகம் வருகிறது. மூன்று தையல் என்றார்களே. எனக்கு மூன்று தையல் என்பது ஒரு பட்டன்கூட நிற்காத சமாசாரம். உன் முகத்தில் யாரோ முன்பின் தெரியாதவர் போட்டிருக்கிறார். நேராகப் போட்டாரா, எந்தப் புருவம், அதுகூட எனக்குத் தெரியாது. மன்னித்துக்கொள் கண்ணு. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நீ என்னோடு போட்டி போடவில்லை, ஒரு பெடலோடு போட்டி போட்டாய். அதை நிறுத்த வேண்டிய நானே உட்கார்ந்து மிதித்தேன்.

ஜிம்முக்குப் போகாதே என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை. போ, நன்றாகப் போ. வாரத்துக்கு மூணு நாள் போதும்னு ஜிம் மாஸ்டர் சொன்னதை நீ ஆறு நாளாக்கினாய் என்று உன் தோழி அதையும் போட்டுக் கொடுத்துவிட்டாள், இனி அவள் எங்கள் கட்சி. மூன்று நாளோடு நிறுத்து. மிஷினுக்கே நான் எண்ணெய் விட்டு வாரத்தில் ஒரு நாள் மூடி வைக்கிறேன். முட்டையை மஞ்சளோடு சாப்பிடு, அதை ஒதுக்கி வைக்கிற அளவுக்கு அது உனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. காலையில் வெறும் வயிற்றோடு ஓடாதே. மதியம் டப்பாவைத் திறந்தால் காலியாகும்வரை மூடாதே. மூன்று மணிக்குக் கண் இருட்டுகிறது, காபி குடித்துச் சமாளிக்கிறேன் என்று முன்பே ஒருமுறை சொன்னாய், நான்தான் நடந்தால் சரியாகிவிடும் என்று பெரிய மனுஷன் மாதிரிச் சொன்னேன். அந்த அறிவுரையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். ஒரு டாக்டரிடம் போய் ரத்தம் கொடு, உடம்பில் ரத்தம் போதுமான அளவு இருக்கிறதா என்று அவர் சொல்லட்டும். ரத்தம் கொடுக்கிறதில் உன் அப்பாவுக்கு நல்ல அனுபவம், ஒன்றும் வலிக்காது.

நான் திங்கள்கிழமை டாக்டரம்மாவிடம் போனேன். இந்த முறை கடிகாரத்தோடு, காலுறையோடு போனேன். பெடலை வரைந்து காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கக் கூடாது என்று கஷ்டப்பட்டார், முடியவில்லை. பிறகு நிஜமாகவே கோபப்பட்டார், அது எனக்கு வேண்டியதுதான். செவ்வாய்க்கிழமை சாவிக்கடைக்காரரோடு தண்ணீர்த் தொட்டி வரை நடக்கப் போனேன். பள்ளிக்கூடச் சுவரருகே ஒரு முறை உட்கார்ந்தேன், தொட்டிப் படியில் ஒரு முறை. அவர் எனக்காக இரண்டு முறை நின்றார், என்னண்ணே, முப்பதாயிரம் நடக்கிற ஆளு என்று கேட்டார். அவரிடமும் சொல்லிவிட்டேன். நான் பிடித்துத் தைத்த கால்சட்டையை ஒரு முறை குனிந்து பார்த்தார். பிறகு, போகட்டும்ண்ணே, நாளைக்கும் ஆறு மணிக்கு வாங்க என்றார். போய்க்கொண்டுதான் இருக்கிறேன்.

கோட்டு தைத்தாகிவிட்டது, சொன்ன தேதிக்கு முன்பே வந்து சேரும். மிஷினில் உட்கார முடியவில்லை என்றேனே, அதனால் கையால் தைத்தேன், ஆறு நாள் ஆனது. நீ அனுப்பிய இருபத்தாறரைக்கு நான் வெட்டவில்லை. வருஷ ஆரம்பத்தில் எழுதிய அளவுக்கு வெட்டியிருக்கிறேன். போட்டுப் பார்த்தால் லொடலொடவென்று இருக்கும். அப்பாவுக்குக் கண் மங்கிவிட்டது என்று நினைத்து அங்கே யாரிடமாவது கொடுத்துப் பிடித்துவிடாதே, தெரிந்தேதான் விட்டிருக்கிறேன். பேசுகிற நாளுக்குள் முழுக்க நிரம்பாது, பரவாயில்லை, லூஸாகவே போட்டுக்கொண்டு பேசு. பேசுகிறவள் விழாமல் நின்றால் போதும், கோட்டை யாரும் பார்க்க மாட்டார்கள். இந்தக் கடிதத்தை அதன் உள் பையில் வைத்துத்தான் அனுப்புகிறேன்.

கடிகாரத்துக்கு சார்ஜ் ஏறவில்லை என்று உன் அம்மாவை விட்டுப் போனில் சொல்லச் சொன்னேன், அதுவும் பொய்தான், அதோடு சரி. அது பட்டன் டப்பாவுக்குள் கிடக்கிறது. இந்தக் கடிதத்தைப் படித்ததும் போன் செய், நெட் இருக்கிறதோ இல்லையோ முகத்தைக் காட்டு, புருவத்தைப் பார்க்க வேண்டும், உன் அம்மா தினமும் அதைத்தான் கேட்கிறாள். நீ எங்கே இருந்தாலும் வயிறு நிறைந்து, மனம் நிறைந்து நன்றாக இருக்க வேண்டும், வேறு எதுவும் எங்களுக்கு வேண்டாம். ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். நீ போன் செய்த மறுநாள் அந்தக் கடிகாரத்தை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு தண்ணீர்த் தொட்டி வரை போய்வருவேன். உன் போனில் என் பேருக்கு நேரே ஒரு எண் வரும், இரண்டாயிரத்தைத் தொட்டால் பெரிய விஷயம். அப்பாவுக்கு உடம்புக்கு என்னவோ என்று பதறாதே. அதுதான் நான் நடந்தது. அதை முந்துவதற்கு நீ மாடிப்படி ஏற வேண்டாம். உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, நிதானமாக வீட்டுக்கு நடந்து போ, ஜெயித்துவிடுவாய்.

இப்படிக்கு,
இனிமேல் கையிலேயே கடிகாரம் கட்டப் போகிற
உன் அப்பா